கயிறு, பட்டியல், பச்சைப் புள்ளி

கைத்தொலைபேசித் திரையில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் தெரியும் பச்சைப் புள்ளிக்கு என்ன பொருள்? 'இவர் இப்போது இருக்கிறார்' என்பது அதன் நேர்ப் பொருள். புலம்பெயர்ந்தவர்களாகிய நமக்கு அது அவ்வளவோடு நிற்பதில்லை. அம்மா எழுந்துவிட்டாள், தம்பி வேலையிலிருந்து திரும்பிவிட்டான், ஊரில் மின்சாரம் இருக்கிறது, நேற்றிரவு யாரும் கதவைத் தட்டவில்லை என்று பலவற்றையும் அந்த ஒரு புள்ளியிலிருந்து வாசித்துக்கொள்கிறோம். அது தெரியாத நாளில் வேறு பலவற்றை வாசிக்கிறோம். கவிதையையும் சிறுகதையையும் நாடகத்தையும் வரிவரியாக விமர்சிக்கும் நாம், நாளொன்றுக்கு ஐம்பது தடவை வாசிக்கும் இந்தப் பிரதியை மட்டும் விமர்சிக்காமல் விடுவது சரியல்ல. யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார், யாருடைய சம்மதத்தோடு வெளியாகிறது என்று ஒரு நூலைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்.

இதை எழுதும் நாங்கள் ரங்கூன் பபேடானிலிருந்து வந்தவர்கள். சிலர் 2021க்கு முன்பே வெளியேறினோம், சிலர் பிறகு. பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் நின்றது. இப்போது உணவகங்களின் பின்கட்டில் வெங்காயம் உரிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். இந்த இதழின் வாசகர்களில் பெரும்பாலோருக்கு ஊர் என்பது யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ வவுனியாவோ. ஆகவே பபேடானைப் பற்றிச் சில வரிகள் சொல்லிவிட்டு மேலே போவது நல்லது.

ரங்கூன் (இன்றைய பெயர் யாங்கோன்) நகரின் நடுவில், சூலே பகோடாவுக்கு மேற்கே உள்ள சிறிய வட்டாரம் அது. பெயருக்குப் பர்மிய மொழியில் கொல்லர் வரிசை என்று பொருள். அன்று ஸ்காட் மார்க்கெட் என்றும் இன்று போஜோ அவுங் சான் சந்தை என்றும் அறியப்படும் பெரிய சந்தை அங்கேதான் இருக்கிறது. அன்றைய ஃப்ரேசர் தெருவான அனவ்ரட்டா சாலையில் 1871இல் தமிழர் கட்டிய ஸ்ரீ காளி கோயில் இருக்கிறது. 26ஆம் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடமும், வட்டாரத்துக்குள்ளேயே சோழியா முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது நடந்தே போனவர்கள் போக, 1960களில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது கப்பலேறியவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு 'இருக்கிறாயா?' என்பது வெறும் நலம் விசாரிப்பாக என்றைக்குமே இருந்ததில்லை.

*

பபேடானின் குடியிருப்புகள் ஒடுங்கியவை, உயரமானவை. ஆறு மாடி, ஏழு மாடி என்றாலும் மின்தூக்கி இல்லாத கட்டடங்களே அதிகம். கீழே கம்பிக் கதவு பூட்டியிருக்கும். ஒவ்வொரு மாடியின் முகப்பிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் மேல்நுனியில் ஒரு சின்ன மணி, கீழ்நுனியில் காகிதம் கவ்வும் ஒரு கிளிப். வந்தவர் தெருவில் நின்று கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும். வீட்டில் இருப்பவர் முகப்புக்கு வந்து எட்டிப் பார்ப்பார். வேண்டியவர் என்றால் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவார். செய்தித்தாள், மின்சாரக் கட்டண ரசீது, பையில் கட்டிய தேநீர், காலைப் பலகாரம் எல்லாம் அந்தக் கயிற்றில் ஏறும், இறங்கும். ரங்கூன் நடுநகரத்தைப் பார்த்த எவருக்கும் இந்தக் கயிறுகள் நினைவிருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் இவற்றைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் கயிற்றை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டு பார்த்தால் அதன் நாகரிகம் புரியும். முதலாவது, கேட்பவர் தன்னைக் காட்டிக்கொண்டுதான் கேட்க முடியும். தெருவில் நிற்கிறார், மேலிருப்பவர் அவருடைய தலையைப் பார்க்கிறார். இரண்டாவது, பதில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உள்ளே இருப்பவரின் உரிமை. கடன்காரர் இழுத்தால் எட்டிப் பார்க்காமல் இருக்கலாம். ஆள் இல்லை என்பதும், ஆள் இருந்தும் வர விருப்பமில்லை என்பதும் தெருவில் நிற்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். அந்த ஒன்றுபோல் தெரிதலில்தான் ஒரு குடும்பத்தின் மானம் காப்பாற்றப்படுகிறது. மூன்றாவது, மணி அடித்து ஓய்ந்த பிறகு எதுவும் மிஞ்சுவதில்லை. யார் எத்தனை மணிக்கு இழுத்தார், யார் எட்டிப் பார்த்தார் என்று கயிறு எழுதி வைத்துக்கொள்வதில்லை.

யார் கேட்கிறார்? யார் முடிவு செய்கிறார்? எங்கே எழுதப்படுகிறது? ஒருவரின் இருப்பைக் காட்டும் எந்த ஏற்பாட்டையும் இந்த மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்று நினைக்கிறோம்.

*

அதே தெருவில் இருப்பைக் காட்டும் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பப் பட்டியல். யார் யார் அந்த வீட்டில் வசிப்பவர்கள் என்று அதில் எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாத ஒருவர் ஓர் இரவு தங்கினாலும், அது மாமியாராக இருந்தாலும், சின்னம்மா மகனாக இருந்தாலும், வார்டு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வரவேண்டும். இராணுவ அரசு கண்டுபிடித்த வழக்கம் அல்ல இது. வெள்ளைக்காரன் 1907இல் கொண்டுவந்த நகரங்கள் சட்டத்திலும் கிராமச் சட்டத்திலும் இதன் வேர் இருக்கிறது. அவன் போனான், சட்டம் போகவில்லை. 2012இல் அந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக வார்டு, கிராம நிர்வாகச் சட்டம் என்ற புதிய சட்டம் வந்தது. விருந்தாளியைப் பதிய வேண்டும் என்ற விதி புதிய சட்டத்துக்குள்ளும் குடிபுகுந்தது.

பதிவைச் சரிபார்க்க நள்ளிரவில் வருவார்கள். வார்டு ஆள், அவருக்குப் பின்னால் போலீஸ், சில வேளைகளில் வேறு உடையில் வேறு ஆட்கள். அவர்கள் கயிற்றை இழுப்பதில்லை, கதவைத்தான் தட்டுவார்கள். படிக்கட்டு முகப்பில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவதிலிருந்து சோதனை தொடங்கும். பட்டியலில் ஐந்து பேர், செருப்பு ஆறு சோடி என்றால் கேள்வி வரும். இரவு படுக்கும் முன் செருப்பை உள்ளே எடுத்து வைக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் இப்படித்தான் வந்தது. ஃபோர்டிஃபை ரைட்ஸ் என்ற மனித உரிமை அமைப்பு 2015இல் இந்த நள்ளிரவுச் சோதனைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சட்டம் எல்லாருக்கும் பொது என்றாலும், ஏழைகளின் கதவும் அரசியல் பேசுகிறவர்களின் கதவும்தான் அதிகம் தட்டப்பட்டன.

2016இல் ஓர் இரவுத் தங்கலையும் பதிய வேண்டும் என்ற விதியை நாடாளுமன்றம் நீக்கியது. எங்கள் பெரியவர்கள் அதை விடுதலை என்றே பேசினார்கள். நாலரை ஆண்டுகள்கூட முழுதாக நிற்கவில்லை. 2021 பெப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பெப்ரவரி 13ஆம் தேதி இரவு விருந்தாளிப் பதிவு திரும்பவும் கட்டாயமாக்கப்பட்டது. ஆணை இல்லாமல் வீட்டுக்குள் புகுவதைத் தடுத்த, 2017ஆம் ஆண்டின் குடிமக்கள் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளும் அதே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டன. பட்டியலையும் கதவையும் ஒரே நாளில் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இன்று யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் அதிகாரத்துக்கு இரண்டும் தேவை.

இலங்கையிலிருந்து வந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழும்பில் லொட்ஜில் தங்கியவர்களுக்குப் பொலிஸ் பதிவுத் துண்டின் பெறுமதி தெரியும். பதிந்திருந்தாலும் அது காப்பாற்றவில்லை என்பதும் தெரியும். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியலில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பட்டியல் என்பது பதிந்தவரைப் பாதுகாக்கும் ஏடு என்று சொல்லித்தான் பெயர் கேட்கிறார்கள். தேவைப்படும்போது அதே ஏடு ஆட்களைத் தேடிப் போக உதவும் முகவரிப் புத்தகம் ஆகிறது.

மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். கேட்பவர் அதிகாரம். முடிவு செய்வதில் வீட்டுக்காரருக்குப் பங்கில்லை. எழுதப்படுவது அவர்களுடைய ஏட்டில்.

*

இனி பச்சைப் புள்ளி. இதன் பிறப்பு அவ்வளவு கெட்டதல்ல. 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் செயற்கை அறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் என்பவர் 'ஃபிங்கர்' என்ற நிரலை எழுதினார். ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. யார் யார் இப்போது கணினியில் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பட்டியல் வரும். மக்கள் அதில் விரலை ஓட்டித் தேடுவதைப் பார்த்துத்தான் விரல் என்று பெயர் வைத்தார். ஆள் இல்லாத நேரத்தில் எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று அவரவரே ஒரு குறிப்பு எழுதி வைக்கவும் அதில் இடம் இருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்த சில பத்துப் பேர், ஒரே கூரை, தேநீர் நேரத்தில் முகம் பார்த்துக்கொள்கிறவர்கள். அங்கே அது ஏறக்குறைய நம்முடைய கயிறுதான்.

1996இல் இஸ்ரேலிலிருந்து வந்த ஐசிக்யூ அதை உலகத்துக்கு விற்றது. ஆள் வந்தால் ஒரு சின்னப் பூ பச்சையாகும். 2009இல் யான் கூம் தொடங்கிய வாட்ஸ்அப்பின் முதல் எண்ணமே செய்தி அனுப்புவதல்ல. பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நிலையைக் காட்டுவதுதான் அது. கூம் உக்ரைனிலிருந்து பதினாறு வயதில் அமெரிக்கா போனவர். ஒட்டுக்கேட்கும் அரசுக்குக் கீழே வளர்ந்ததைப் பற்றி அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். அப்படிப்பட்டவரின் செயலியிலேயே, கடைசியாக வந்த நேரத்தை யாருக்குக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2014இல்தான் வந்தது. இப்போது இருக்கிறார் என்பதை மறைக்கும் வசதிக்கு 2022வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டுவது இயல்பு, மறைப்பதற்குத்தான் காரணம் வேண்டும் என்ற மனோபாவம் அதுவரை கேள்விக்குட்படவில்லை.

மூன்று கேள்விகளை இதற்கும் வைப்போம். யார் கேட்கிறார்? யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பதில் வெளியாகிறது, அதுவும் நம் எண்ணை வைத்திருக்கும் எல்லாருக்கும். அம்மாவுக்கும் அதே புள்ளி, கடன்காரருக்கும் அதே புள்ளி, பழைய முதலாளிக்கும், வார்டு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் பக்கத்து மாடிக்காரருக்கும் அதே புள்ளி. யார் முடிவு செய்கிறார்? செயலியைத் திறந்த அந்த நொடி முடிவு செய்கிறது. எங்கே எழுதப்படுகிறது? நிறுவனத்தின் கணினிகளுக்கு நாம் எப்போது வந்தோம், எப்போது போனோம் என்பது தெரியும். நமக்குத் தெரியாமல் நம்முடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிற எவரும் தனியாகவும் எழுதிக்கொள்ளலாம். 2014இல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சம்மதித்த சிலருடைய வாட்ஸ்அப் புள்ளியை மட்டும் தொடர்ந்து குறித்து வந்தார்கள். ஒரு செய்தியையும் படிக்கவில்லை. வருவதும் போவதுமான நேரங்களிலிருந்தே எப்போது தூங்குகிறார்கள், வேலை நேரத்தில் என்ன செய்கிறார்கள், யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்று ஊகிக்க முடிந்தது. செருப்பை எண்ணுவதும் இதுவும் ஒரே வகை வேலைதான்.

கண்காணிப்பு என்றவுடன் நம் இதழ்களில் பெந்தாமின் சிறைக்கோபுரமும் ஃபூக்கோவும் வந்துவிடுவார்கள். ரங்கூன்காரர்களுக்கு அதற்குப் புத்தகம் வேண்டாம். வெள்ளைக்காரன் 1887இல் கட்டிய இன்செயின் சிறை, நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் பிரியும் கட்டடங்களோடு இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த உவமை இங்கே முழுதாகப் பொருந்தாது என்பது எங்கள் கருத்து. கோபுரத்தில் நிற்பவன் கைதியை நேசிப்பதில்லை. பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அன்பு. அம்மா பார்க்கிறாள், அக்கா பார்க்கிறாள், நாம் பார்க்கிறோம். கண்காணிப்பு அன்பின் உருவத்தில் வரும்போது அதை மறுப்பது கடினம். இந்தச் சிறு குறியின் பலமும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

*

2021 பெப்ரவரி 15ஆம் தேதியிலிருந்து பர்மாவில் ஒவ்வோர் இரவும் ஒரு மணிக்கு இணையத்தை நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணிக்குத் திரும்ப விட்டார்கள். அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி என்றால் பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் குளிர்கால நேரப்படி முந்திய மாலை ஏழரை. உணவகங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரம், அல்லது கொரோனா காலத்தில் பொட்டலம் கட்டி அனுப்பும் நேரம். சரியாக அந்த நேரத்தில் எங்கள் திரைகளில் ஊர்ப் பெயர்களின் பச்சை எல்லாம் ஒன்றாக அணைந்தது. கைது செய்யப் போகிறவர்கள் இருட்டில் போனார்கள். வேலை முடிந்து பாத்திரம் அடுக்கி வீடு வந்து உட்கார்ந்தால், இங்கே அதிகாலை மூன்றரைக்குத்தான் ஒவ்வொரு புள்ளியாகத் திரும்ப எரியும். எண்ணினோம். அம்மா, மாமா, சித்தப்பா வீடு, எதிர்மாடிப் பிள்ளைகள். ஒன்று குறைந்தால் அன்றைக்குத் தூக்கம் இல்லை. மார்ச் 15இல் கைத்தொலைபேசி இணையமே நிறுத்தப்பட்டபோது பல புள்ளிகள் மாதக்கணக்கில் வரவில்லை.

ஆகவே பச்சைப் புள்ளி வேண்டாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஒரு காலத்தில் எங்களுக்கு உயிர் இருக்கிறது என்ற சேதி அதன் வழியாகத்தான் வந்தது. அந்த நன்றியை வைத்துக்கொண்டே இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, புள்ளி சொல்வது தொலைபேசி இருக்கிறது என்பதை. ஆள் இருக்கிறார் என்பதை அல்ல. ஒருவரைப் பிடித்தால் அவருடைய தொலைபேசியையும் பிடிக்கிறார்கள், திறக்கச் சொல்கிறார்கள். பிடித்தவர்களின் விரல் பட்டாலும் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரியும். 'அப்பாடா, வந்துவிட்டான்' என்று நாம் அவசரமாக எழுதும் முதல் வரி, அதை யார் வாசிக்கிறார் என்று தெரியாமல் எழுதிய வரி. கயிற்றில் இது நடக்காது. எட்டிப் பார்ப்பது ஒரு முகம்.

இரண்டாவது, அங்கே அந்தப் புள்ளியே ஒரு வாக்குமூலம். 2021 பெப்ரவரி 4இல் பேஸ்புக் தடைசெய்யப்பட்டது. அன்றிலிருந்து மெசஞ்சரில் ஒருவர் பச்சையாகத் தெரிகிறார் என்றால், தடையைச் சுற்றிப்போகும் விபிஎன் வழியாக வந்திருக்கிறார் என்று பொருள். 2024 மே மாத இறுதியிலிருந்து விபிஎன்களையும் முடக்கினார்கள். தெருவில் நிறுத்தித் தொலைபேசியை வாங்கிப் பார்ப்பதும் நடந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 10இல் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயதுவரையான ஆண்களின் பெயர்களை வார்டு வார்டாக எடுத்தார்கள். குடும்பப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் ஊரில் இல்லை என்று வீட்டார் சொல்கிறார்கள். ஆனால் ஆள் அடுத்த தெருவில் தெரிந்தவர் வீட்டு மூன்றாம் மாடியில் இருக்கிறான். அவன் திரையைத் தொட்டால் எல்லாருடைய கையிலும் பச்சை எரிகிறது. வார்டு அதிகாரிகள் புள்ளிகளைப் பார்த்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் வாய்ச்சொல் போதும். அந்த வாய்க்கு வேண்டிய சேதியை நம் ஆசைக் குறி இலவசமாகக் கொடுக்கிறது என்பதுதான் எங்கள் வாதம். அப்படி ஒளிந்திருந்த ஒரு பிள்ளை எங்களில் ஒருவரிடம் சொன்னான்: "மாமா, நான் ஆன்லைன்ல இருந்தேன்னு அம்மாகிட்டகூடச் சொல்லாதீங்க. அவங்க சந்தோஷத்துல நாலு பேர்கிட்ட சொல்லிடுவாங்க."

*

இனி நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் நாம் இந்தப் புள்ளியை எப்படி வாசிக்கிறோம்? "ஆன்லைனில் இருந்தாய், ஏன் பதில் போடவில்லை?" நம்முடைய குடும்பங்களில் இன்று மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பணம் அனுப்பியவர் கேட்கிறார், பணம் கேட்டவர் கேட்கிறார். புருஷன் கேட்கிறான், பெண்சாதி கேட்கிறாள். பெண்பிள்ளைகளிடம் இது வேறு குரலில் வருகிறது: "இரவு ஒன்றரை மணிக்கு யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" பேசியது என்ன என்று யாருக்கும் தெரியாது, விழித்திருந்தாள் என்பதே குற்றச்சாட்டு. அண்ணன்மார் தூரதேசத்திலிருந்து தங்கையின் வாசலில் காவல் நிற்க இந்தப் புள்ளி வழிசெய்து கொடுத்திருக்கிறது. நள்ளிரவில் கதவு தட்டும் வார்டு ஆளைத் திட்டும் நாம், கையில் இன்னொரு பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேலைத்தலத்திலும் அப்படியே. எங்களில் ஒருவர் காய்ச்சலென்று ஒரு நாள் சமையலறைக்குப் போகவில்லை. மறுநாள் முதலாளி, அவரும் தமிழர்தான், கேட்டார்: "இரவு இரண்டு மணிக்கு ஆன்லைனில் இருந்தாயே, காய்ச்சல்காரன் தூங்கமாட்டானா?" ஒரு நாள் சம்பளம் போயிற்று. இங்கே இரண்டு மணி என்றால் அங்கே காலை ஏழரை, அம்மா சந்தைக்குப் போவதற்கு முன் பேசக் கிடைக்கும் ஒரே நேரம் என்பதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு அந்த முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் உறவு இல்லை. இரண்டு நாடுகளின் நேரத்தில் ஒரே உடம்பை வைத்து வாழ்கிறவனின் பச்சைப் புள்ளி, எந்த நேரத்தில் எரிந்தாலும் யாராவது ஒருவருக்குத் தவறான நேரத்தில்தான் எரியும். அகதிக்கு இந்தக் குறி பொருந்தாமல் போவதற்கு இது போதுமான காரணம்.

கயிறு இழுத்தும் எட்டிப் பார்க்காதவர் மீது பபேடானில் யாரும் வழக்கு வைத்ததில்லை. 'குளித்துக்கொண்டிருந்திருப்பார்' என்று சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்காருவோம். அந்தச் சின்னப் பொய்க்கு, அல்லது சின்ன மரியாதைக்கு, பச்சைப் புள்ளியில் இடமில்லை. இருந்தும் வரவில்லை என்பதை அது பட்டவர்த்தனமாக எழுதிக் காட்டிவிடுகிறது. உறவு என்பது தெரிந்துகொள்வதால் மட்டும் வளர்வதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவதாலும் வளர்கிறது.

*

இருப்பைக் காட்டுவது என்றாலே அடிபணிவதுதானா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. 2021 பெப்ரவரி 2ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ரங்கூன் மக்கள் பானை, சட்டி, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முகப்புகளில் நின்று தட்டினார்கள். பேயை வீட்டை விட்டு விரட்டப் பர்மியர்கள் செய்யும் பழைய வழக்கம் அது. அதன் பிறகு பல வாரங்கள் ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்கு அந்தச் சத்தம் எழுந்தது. பபேடானின் ஒடுங்கிய தெருக்களில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும். பர்மியர், தமிழர், சீனர், முஸ்லிம், இந்து என்று சத்தத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மக்களை முழுக்குடிமகன், இணைக்குடிமகன், இயல்புரிமைக் குடிமகன் என்று பிரித்து இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று அட்டைகள் கொடுத்த நாடு அது. பச்சை அட்டை கடைசிப் படி. பானைக்கு நிறம் இல்லை. இருக்கிறோம் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் என்று யாரும் சொல்லவில்லை. தட்டியது எந்த மாடி என்று கீழே நின்றவர்களால் எண்ணி எழுத முடியவில்லை. அதனால்தான் பல இடங்களில் அவர்கள் ஜன்னல்களை நோக்கிக் கல்லும் குண்டும் வீசினார்கள்.

கேட்பவர் இல்லாமலே மக்கள் தாங்களாக எடுத்த முடிவு அது. எந்த ஏட்டிலும் பதியாமல் எல்லார் காதிலும் விழுந்தது. மூன்று கேள்விகளுக்கும் அந்த இரவுகள் சொன்ன பதிலைவிட நல்ல பதிலை இதுவரை எந்தத் தொழில்நுட்பமும் சொல்லவில்லை.

நம்மால் ஆகக்கூடியது சிறியதுதான், ஆனால் கையில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் நம்முடைய புள்ளியை அணைத்துவிடலாம். வாட்ஸ்அப்பிலும் மெசஞ்சரிலும் நம்முடையதை மறைத்தால் பிறருடையதும் நமக்குத் தெரியாது. அந்த விதியை நஷ்டம் என்று எண்ணாமல் நியாயம் என்று ஏற்கலாம். கடைசியாக வந்த நேரத்தைக் காட்டாத சிக்னல் போன்ற செயலிக்கு மாறலாம். ஊரில் உள்ளவர்களோடு ஒரு நேரம் பேசி வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஒரு சொல் அனுப்பச் சொல்லலாம். வந்தால் வந்தது, வராவிட்டால் அடுத்த நேரம்வரை பொறுத்திருக்கலாம். வராத சொல்லுக்கு விளக்கம் கேட்காமல் இருக்கலாம். இதில் நம்முடைய பதற்றம் கூடும். அங்கே உள்ளவர்களுடைய ஆபத்து குறையும். எது பெரிது என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அறியும் உரிமை நமக்கு உண்டென்றே நாம் இதுவரை பேசி வந்திருக்கிறோம். அவர்கள் இல்லாததுபோல் இருக்கும் உரிமையைப் பற்றியும் இனிப் பேச வேண்டும். பட்டியல்களிலிருந்து தப்பி வந்த நாம் யாருடைய பெயரையும் புதிதாக ஒரு பட்டியலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தெருவில் நின்று, நம் முகத்தைக் காட்டி, கயிற்றை ஒருமுறை இழுத்தால் போதும்.